எக்ஸ்போர்ட் செய்த வீடியோ ஏன் வெட்டி வெட்டி ஓடுகிறது?

சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். ஒரு கேமரா, மூன்று பேருடைய போன், எனக்கு இரண்டு ராத்திரி வேலை. முடித்ததை ஒரே ஃபைலாக வெளியே எடுத்து, அதாவது எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினோம். குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. பசுவும் கன்றும் வாசற்படி ஏறி உள்ளே வரும் இடத்தில் சித்தப்பா கேட்டார்: "மாட்டுக்குக் கால்ல ஏதும் அடியாடா? நொண்டிக்கிட்டே வருது?"

மாடு நன்றாகத்தான் நடந்தது. நொண்டியது என் எக்ஸ்போர்ட்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: கம்ப்யூட்டர் பழசு, இழுக்கவில்லை. செலவழித்து 8 ஜிபி ராமை 16 ஆக்கினேன். மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். மாடு அதே படியில், அதே இடத்தில், அதே மாதிரி நொண்டியது. காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த 'அதே இடத்தில்' என்பதுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் திணறுவதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் அல்லவா திணற வேண்டும்?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் அடிப்படை. வீடியோ என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் 40 மில்லிவிநாடி திரையில் நிற்கும். 24ஆ, 25ஆ, 30ஆ என்பது கண்ணுக்கு இரண்டாம்பட்சம். சினிமா 24 ஃபிரேமில்தான் காலங்காலமாக ஓடுகிறது. ஸ்டக் ஆகிறது என்று தியேட்டரில் யாரும் எழுந்து போவதில்லை. கண் எதிர்பார்ப்பது சீரான இடைவெளியை. சரத்தில் மல்லிகை நெருக்கமாக இருந்தாலும் தள்ளித் தள்ளி இருந்தாலும் அழகுதான். நடுவில் ஒரு கண்ணி விட்டுப் போனால் மட்டும் பார்வை நேராக அங்கே போய் நிற்கும். ஒரு ஃபிரேம் காணாமல் போனாலோ, ஒரே ஃபிரேம் இரண்டு முறை வந்தாலோ நடப்பது அதுதான்.

அடுத்து, எடிட்டிங் மென்பொருளுக்குள் பார்க்கும் பிரிவியூவும் எக்ஸ்போர்ட்டும் இரண்டு வேறு வேலைகள். பிரிவியூவில் கம்ப்யூட்டர் கடிகாரத்தோடு ஓட வேண்டும். 40 மில்லிவிநாடிக்குள் அடுத்த படம் தயாராகவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அதற்கடுத்த படத்துக்குத் தாவும். அதனால் அங்கே வெட்டும். எக்ஸ்போர்ட்டில் அந்த அவசரம் கிடையாது. ஒரு ஃபிரேமுக்கு அரை விநாடி ஆனாலும் பொறுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். பழைய கம்ப்யூட்டரில் எக்ஸ்போர்ட் நேரம் கூடும், அவ்வளவுதான், ஃபிரேம் குறையாது. நான் வாங்கிய ராம் எதற்கும் உதவாமல் போனது இதனால்தான்.

இதை வைத்து ஒரு துணைத் தகவல்: பிரிவியூ மட்டும் திணறுகிறது, எக்ஸ்போர்ட் ஆன ஃபைல் நன்றாக ஓடுகிறது என்றால் உங்கள் வீடியோவில் குறையே இல்லை. பிராக்ஸி என்கிற சிறிய நகல்களை உருவாக்கி எடிட் செய்யுங்கள், அல்லது பிரிவியூ தரத்தைப் பாதியாகக் குறையுங்கள். முடிந்தது.

தவறு ஃபைலிலா, பார்க்கும் இடத்திலா?

எக்ஸ்போர்ட் ஆன ஃபைல்தான் வெட்டுகிறது என்றால், அதிலும் இரண்டு வாய்ப்பு உண்டு. ஃபைலுக்குள்ளேயே தவறு பதிந்திருக்கலாம். அல்லது ஃபைல் சரியாக இருந்து, அதைக் காட்டும் கருவி திணறலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டே போவது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமல் பல்லைப் பிடுங்குவது மாதிரி.

பிரித்துப் பார்ப்பது சுலபம். விஎல்சி பிளேயரில் ஃபைலைத் திறந்து, வெட்டுகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, ஆங்கில 'ஈ' விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். யாராவது நடக்கிற காட்சியாகவோ கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியாகவோ இருந்தால் நல்லது. தட்டத் தட்ட எண்ணுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்தால் ஃபைல் சுத்தம். நான்கு தட்டு நகர்ந்து ஐந்தாவதில் அசையாமல் நின்றாலோ, ஐந்து தட்டு ஒழுங்காக நகர்ந்து அடுத்ததில் இரண்டு மடங்கு தாவினாலோ, தவறு ஃபைலுக்குள் பதிந்துவிட்டது. எந்த பிளேயரை மாற்றினாலும் அது போகாது.

ஃபைல் சுத்தமாக இருந்தும் வெட்டுகிறதா? அப்படியானால் பிட்ரேட்டைப் பாருங்கள். பிட்ரேட் என்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு தகவல் என்ற கணக்கு. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. சுருக்காமல் அப்படியே வைத்தால் ஒரு ஃபிரேமே 6 எம்பியைத் தாண்டும். 25 ஃபிரேமுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 155 எம்பி. அதனால்தான் எச்.264 போன்ற சுருக்கும் முறைகள். 2003இல் வந்த இந்த முறை எப்போதாவது ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள படங்களுக்கு 'முந்தையதிலிருந்து என்ன மாறியது' என்பதை மட்டும் எழுதிவைக்கும். பிளேயர் அந்தக் குறிப்புகளைப் படித்துப் படத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். குறிப்பு பெரிதானால் வேலையும் பெரிது.

வீடியோ வெட்டுகிறது என்றதும் பலரும் பிட்ரேட்டை ஏற்றுவார்கள். நானும் 20இலிருந்து 80 மெகாபிட்டுக்கு ஏற்றினேன். இது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றும் வேலை. பிட்ரேட் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக, கலங்கலாகத் தெரியும், நடை நொண்டாது. பிட்ரேட் கூடினால்தான் மலிவான பென் டிரைவும் டிவிக்குள் இருக்கும் சிப்பும் மூச்சு வாங்கும். 1080 அளவுக்கு, 24 முதல் 30 ஃபிரேம் வரை, யூடியூப் தானே பரிந்துரைப்பது 8 மெகாபிட். 50, 60 ஃபிரேமுக்கு 12. டிவியில் போட்டுக் காட்ட 15, 20 வைத்தால் தாராளம். பழைய டிவியாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: எச்.264இல் 'லெவல்' என்று ஒரு எண் உண்டு. 4.1 லெவல் வரைதான் படிக்கத் தெரிந்த டிவிக்கு 1080 அளவில் 30 ஃபிரேம் வரை சரி, 60 ஃபிரேம் அதிகம்.

மானிட்டரும் ஏமாற்றும். பெரும்பாலான கம்ப்யூட்டர் மானிட்டர்கள் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கின்றன. 25 ஃபிரேம் வீடியோவை அதில் எப்படிப் பொருத்துவது? 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4. பாதியாக ஒரு முறை புதுப்பிக்க முடியாது. அதனால் ஒரு ஃபிரேமை 2 முறை, அடுத்ததை 3 முறை, மறுபடி 2, மறுபடி 3, மறுபடி 2 என்று ஐந்து ஃபிரேமுக்கு 12 முறை காட்டிச் சமாளிக்கும். மெதுவாக நகரும் கேமராக் காட்சியில் இது லேசான உதறலாகத் தெரியும். குறையே இல்லாத ஃபைலும் இப்படித்தான் தெரியும். மானிட்டர் செட்டிங்ஸில் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 முறை) இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். உதறல் போய்விட்டால் உங்கள் எக்ஸ்போர்ட் மேல் பழியில்லை.

வெட்டுக்கும் ஒரு தாளம் உண்டு

சரி, தவறு ஃபைலுக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இப்போது வெட்டு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள். இதற்குக் கடிகாரமும் கண்ணுமே போதும். என் கணக்கில், நோயைச் சொல்வது இந்தத் தாளம்தான்.

என் மாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காட்சி போனில் எடுத்தது, விநாடிக்கு 30 ஃபிரேம். என் டைம்லைன், அதாவது மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை, 25. முப்பது பேருக்கு இருபத்தைந்து இலை போட்டால் ஐந்து பேர் எழுந்து நிற்க வேண்டியதுதான். மென்பொருள் ஒவ்வொரு ஆறாவது ஃபிரேமையும் தூக்கி எறிந்துவிட்டது. மாடு ஐந்து ஃபிரேமுக்குச் சீராக நடந்து, அடுத்ததில் இரண்டு மடங்கு தாவியது. விநாடிக்கு ஐந்து முறை இப்படி. அதுதான் நொண்டல்.

25இல் எடுத்ததை 30 டைம்லைனில் போட்டால் இதற்கு நேர் எதிர்: விநாடிக்கு ஐந்து ஃபிரேம் இரட்டிப்பாகும், நடை ஐந்து முறை தயங்கும். 24இல் எடுத்ததை 25இல் போட்டால் விநாடிக்கு ஒரே ஒரு தயக்கம், கடிகாரம் மாதிரி. 33 விநாடிக்கு ஒருமுறை மட்டும் சட்டென்று ஒரு துள்ளல் வருகிறதா? அப்படியானால் 29.97இல் எடுத்ததை 30இல் போட்டிருக்கிறீர்கள், அல்லது மாற்றி. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆயிரம் ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம் வித்தியாசம் இருக்கிறது.

அது என்ன 29.97 என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதையொட்டி டிவி 30 ஃபிரேமில் ஓடியது. 1953இல் அங்கே கலர் வந்தபோது, நிறத்துக்கான சிக்னலும் ஒலிக்கான சிக்னலும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்த முறைக்கு என்டிஎஸ்சி என்று பெயர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1982இல் தூர்தர்ஷனில் கலர் வந்தது பால் முறையில் (குடிக்கிற பால் இல்லை), விநாடிக்கு 25 ஃபிரேம். அந்த டிவிப் பெட்டிகள் போய்விட்டன. இந்த எண்கள் மட்டும் கேமரா மெனுவில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. பல கேமராக்களில் பால், என்டிஎஸ்சி என்று ஒரு தேர்வு இருக்கும். முதலாவதில் 25, 50. இரண்டாவதில் 30, 60. போன்களோ உலகம் முழுக்க 30ஐத்தான் இயல்பாக வைத்திருக்கின்றன. கேமராவும் போனும் கலந்து எடுத்தால் மோதல் நிச்சயம் என்பதற்குக் காரணம் இதுதான். ஐபோனின் கேமரா செட்டிங்ஸில் பால் வடிவங்களைக் காட்டச் சொல்லும் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் 25ம் கிடைக்கும்.

இந்த மோதல் எடிட்டிங்கில் எந்த நொடியில் நடக்கிறது தெரியுமா? முதல் கிளிப்பை டைம்லைனில் போடும்போது. பல மென்பொருள்கள் அப்போது ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும்: கிளிப்பின் அளவுக்கு டைம்லைனை மாற்றவா, இருப்பதையே வைத்துக்கொள்ளவா? நாம் படிக்காமல் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுப் போய்விடுவோம். டாவின்சி ரிசால்வில் இன்னும் கறார்: ப்ராஜெக்ட்டுக்குள் கிளிப்புகள் வந்துவிட்டால் அதன் ஃபிரேம் எண் பூட்டிக்கொள்ளும். ஆகவே எடிட் தொடங்கும் முன்பே கிளிப்புகளின் எண்களைப் பார்த்து முடிவு செய்துகொள்வது நல்லது.

மோதல் இன்னொரு முறையும் நடக்கலாம், எக்ஸ்போர்ட் பெட்டியில். டைம்லைன் 25, ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பிரீசெட் (முன்பே அமைத்து வைத்த செட்டிங்ஸ்) 30 என்றால் வெட்டு புதிதாக முளைக்கும். போன் கிளிப்புக்கு இது இரட்டைத் தண்டனை: 30லிருந்து 25ஆக ஐந்தைத் தூக்கி எறிந்து, திரும்ப 30ஆக்க வேறு ஐந்தை இரட்டித்து வைக்கும். தொடங்கிய எண்ணும் முடிந்த எண்ணும் ஒன்றுதான், நடுவில் விநாடிக்குப் பத்து இடத்தில் காயம். எக்ஸ்போர்ட்டில் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) எப்போதும் டைம்லைனோடு ஒத்துப்போகட்டும்.

தாளமே இல்லாத வெட்டு

சில வெட்டுக்குக் கணக்கே பிடிபடாது. ஒரு இடத்தில் தாவும், நான்கு விநாடி நன்றாக ஓடும், அப்புறம் மூன்று முறை தயங்கும். கூடவே, வீடியோ போகப் போக வாயசைவும் குரலும் விலகும். இது பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்.

போன் 30 என்று சொல்லும், ஆனால் துல்லியமாக 30 எடுக்காது. வெளிச்சம் குறைந்தால் சென்சாருக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமோடும் 'என்னை இந்த நேரத்தில் காட்டு' என்று ஒரு குறிப்பு எழுதிவிடும். போனில் பார்க்கும்போது பிளேயர் அந்தக் குறிப்பை மதித்துக் காட்டும், சீராகத்தான் தெரியும். எடிட்டிங் டைம்லைனோ பள்ளிக்கூட மணி மாதிரி, எல்லாப் பீரியடும் சம நேரம். ஒழுங்கில்லாமல் வந்தவற்றை அந்தக் கட்டங்களுக்குள் திணிக்கும்போது சிலது விழும், சிலது இரட்டிக்கும். திரையைப் பதிவு செய்யும் போன் ஆப்களின் வீடியோவிலும் இதே கதை.

சோதிக்க மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். கிளிப்பைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் 'கான்ஸ்டன்ட்' அல்லது 'வேரியபிள்' என்று காட்டும். வேரியபிள் என்றால் எடிட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கேடென்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் இப்படிப்பட்ட கிளிப்பைக் கண்டால் தாங்களே மாற்றித் தரவா என்று கேட்கும்; சரி என்று சொல்லிவிடலாம். மற்றவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் கருவி இருக்கிறது, அதுவும் இலவசம். வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட்டை 30 என்று வைத்து, கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் வழக்கமான பிரீசெட்களில் அது 'பீக்' என்பதில் இருக்கும். அப்படியே விட்டால் மாற்றிய ஃபைலும் மாறும் வேகத்திலேயே வரும். நான் ஒரு மாலை முழுக்க இதில் தொலைத்தேன்.

கலந்துவிட்டதை என்ன செய்வது?

25ம் 30ம் கலந்து கைக்கு வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. மாடு மறுபடி வரப்போவதில்லை. முதலில், எது அதிகமோ அதன் எண்ணை டைம்லைனுக்கு வையுங்கள். யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகும் வீடியோவுக்கு 25தான் என்று சட்டம் எதுவும் இல்லை.

மீதமுள்ள கிளிப்புகளுக்கு மூன்று வழி. அசைவே இல்லாத காட்சி, உட்கார்ந்து பேசுபவர், ஹோமகுண்டம், பூஜை சாமான் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ஃபிரேம் விழுவது யாருக்கும் தெரியாது. குரல் தேவையில்லாத அசைவுக் காட்சி என்றால் எனக்குப் பிடித்த வழி வேகத்தைக் குறைப்பது. 30 ஃபிரேம் கிளிப்பின் வேகத்தை 83.33 சதவீதமாக வைத்தால், அல்லது கிளிப்பின் பண்புகளில் அதை 25 என்று எடுத்துக்கொள்ளச் சொன்னால், எந்த ஃபிரேமும் விழாது. 10 விநாடிக் காட்சி 12 விநாடி ஆகும். நடை கொஞ்சம் நிதானமாகத் தெரியும், விசேஷ வீடியோவுக்கு அது அழகுதான். 60 ஃபிரேமில் எடுத்ததையும் இப்படி 25ஆக எடுத்துக்கொண்டால் பட்டு மாதிரி ஸ்லோ மோஷன் கிடைக்கும். அதே 60ஐ இயல்பான வேகத்தில் 25இல் போட்டால் மறுபடி அந்த 2.4 கணக்கு வந்து உதறும்.

மூன்றாவது வழி ஆப்டிகல் ஃப்ளோ. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று மென்பொருளே ஊகித்து ஒரு புதுப் படம் வரையும். பிரீமியரிலும் ரிசால்விலும் உண்டு. வெறும் பின்னணியில் ஒரே ஆள் நடந்தால் அற்புதமாக வரும். கூட்டத்தில் கைகள் குறுக்கே போனால் விரல்கள் உருகி, புடவை மடிப்பு நெளிந்து பேய்ப்படம் ஆகிவிடும். கிளிப் கிளிப்பாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள், மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள். ஃபிரேம் பிளெண்டிங் என்ற இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று கலக்கும். எல்லாரும் இரட்டையாகத் தெரிவார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை.

பழைய ஹேண்டிகேம் காட்சிகள் இருந்தால் வேறொரு சிக்கல். அவற்றில் பல இன்டர்லேஸ் முறையில் பதிந்தவை: ஒரு ஃபிரேமின் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு நொடித்துளியிலும் இரட்டைப்படைக் கோடுகள் அதற்கடுத்த நொடித்துளியிலும் எடுத்தவை. எதை முதலில் காட்ட வேண்டும் என்ற வரிசையை மென்பொருள் தவறாகப் புரிந்துகொண்டால், ஆள் முன்னே ஒரு அடி, பின்னே அரை அடி என்று ஆடுவார். டிஜிட்டல் வீடியோ (DV) டேப்பில் கீழ்க்கோடு முதலில், எச்டியில் மேல்கோடு முதலில் என்பது வழக்கம். கிளிப்பின் பண்புகளில் ஃபீல்டு ஆர்டரை மாற்றிப் பார்த்துவிட்டு, டீஇன்டர்லேஸ் செய்து (பிரிந்த கோடுகளை முழுப் படமாக்கி) எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ஒன்று பாக்கி. எல்லா எண்ணும் பொருந்துகிறது, ஃபிரேம் எண்ணிப் பார்த்தும் சீராக இருக்கிறது, ஆனாலும் துடிதுடிப்பாகத் தெரிகிறது என்றால் குற்றம் ஷட்டரில், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தில். உச்சி வெயிலில் போன் தானாகவே ஷட்டரை ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் கீழே கொண்டுபோய்விடும். ஒவ்வொரு படமும் கல்வெட்டு மாதிரிக் கூர்மை. அசைவின் இழுவை இல்லாததால் படத்துக்குப் படம் தாவுவதாகக் கண் உணரும். 25 ஃபிரேமுக்கு ஐம்பதில் ஒரு விநாடி என்பது வழக்கமான கணக்கு; டியூப்லைட் மினுக்கலும் அதில் அடங்கும். வெயிலில் அப்படி வைத்தால் படம் வெளுத்துவிடும், அதற்காக லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி என்டி ஃபில்டர் போடுவார்கள். எடுத்த பிறகு இதற்கு முழு மருந்து கிடையாது.

எந்த மாற்றம் செய்தாலும் முழு வீடியோவையும் எக்ஸ்போர்ட் செய்து சோதிக்காதீர்கள். வெட்டுகிற இடத்தைச் சுற்றி 20 விநாடியை மட்டும் குறித்து எக்ஸ்போர்ட் செய்து, ஃபிரேம் ஃபிரேமாகத் தட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது.

நான் கடைசியில் போன் கிளிப்புகள் எல்லாவற்றையும் மாறாத 30ஆக மாற்றி, மாடு வரும் காட்சியை 83.33 சதவீதத்தில் வைத்து, மந்திரச் சத்தத்தைக் கேமராவிலிருந்து எடுத்துப் போட்டேன். மாடு இப்போது நிதானமாக, மகாராணி மாதிரிப் படியேறுகிறது. சித்தப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கன்றுக்குட்டி அழகு என்றார். அடுத்த மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. கேமராக்காரரிடம் மெனுவில் 25ஆ 30ஆ என்று கேட்டு வைத்துவிட்டேன். போன் வைத்திருக்கும் மூன்று பேரிடமும் இன்னும் சொல்லவில்லை.